மட்டியும் நீர்க்குழாயும்: இரசாயனப் பொருளின்றி உயிர்ப்படிவைக் கட்டுப்படுத்தும் முறைகள்

முன்னுரை

1989 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈரி ஏரியின் கரையிலுள்ள மொன்றோ என்னும் நகரில் குடிநீர் நின்றுபோயிற்று. ஏரியில் நீர் வற்றவில்லை, பம்பிகளும் பழுதடையவில்லை. ஏரியிலிருந்து நீரை உள்ளெடுக்கும் குழாயின் வாயை விரல் நகமளவேயுள்ள மட்டிகள் நெருக்கிப் பிடித்திருந்தன. அவற்றினிடையே மாரிகாலத்துப் பனிக்கட்டித் துகள்களும் சேர்ந்துகொள்ள, ஏறத்தாழ இரண்டு நாட்கள் நகர மக்கள் குழாய்நீரின்றி இருக்க நேர்ந்தது. இம்மட்டி அவ்வட்டாரத்தில் முதன்முதலாகக் காணப்பட்டது அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னரே என்பதை நோக்குமிடத்து, ஒரு சிற்றுயிர் ஒரு நகரத்தின் வாழ்க்கையை எத்துணை விரைவிலே தடுத்து நிறுத்த வல்லது என்பது புலனாகும்.

நீரோடும் அமைப்புக்களில் உயிரினங்கள் ஒட்டி வளர்வதை நாம் இக்கட்டுரையில் உயிர்ப்படிவு எனக் குறிப்பிடுவோம். இதனை அகற்றுதற்குக் குளோரீன் முதலான இரசாயனப் பொருள்களே பெரிதும் பயன்பட்டு வருகின்றன. அப்பொருள்களின்றியும் இப்படிவைக் கட்டுப்படுத்தல் இயலுமா, இயலுமாயின் எவ்வளவுக்கு இயலும் என்பதை ஆராய்தலே எமது நோக்கமாகும்.

படிவு உருவாகும் முறை

நீரில் அமிழ்ந்த எந்த மேற்பரப்பும் வெறுமையாக இருப்பதில்லை. முதலிற் சேதனப் பொருள்கள் மிக மெல்லிய படலமாக அதன்மீது படிகின்றன. அடுத்துப் பற்றீரியாக்கள் வந்து ஒட்டிக்கொண்டு, பசைபோன்ற பொருளைச் சுரந்து, அதனுள்ளே தாம் காவலாக வாழ்கின்றன. நாம் கிணற்றடிக் கல்லிலும் தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்திலும் காணும் வழுக்கல் இதுவேயாகும். இவ்வழுக்கலின்மேல் அல்காக்கள், புரொட்டோசோவாக்கள் ஆகியன குடியேற, இறுதியில் மட்டி, கொட்டலசு முதலிய ஓடுடைய விலங்குகள் வந்து அமைகின்றன. பின்வருவன முன்வந்தவற்றுக்காகக் காத்திருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. எனினும் பெரும்பாலும் இவ்வொழுங்கே காணப்படும்.

இதனால் விளையும் இழப்பு வெறும் அழுக்கினால் விளையும் இழப்பன்று. நீரியற் கணிப்பின்படி, ஒரு குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறையுமாயின், அதே அமுக்கத்தில் அதனூடாகச் செல்லும் நீரின் அளவு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும். மட்டி ஓடுகளின் கரடுமுரடு உராய்வைக் கூட்டுவதால் இக்குறைவு இன்னும் மிகும். மின்னிலையங்களின் ஒடுக்கிக் குழாய்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வழுக்கற் படலமே வெப்பம் கடத்தப்படுவதைத் தடுத்துவிடும். இறந்த மட்டிகளின் ஓடுகள் கழன்று சென்று ஒடுக்கிக் குழாய்களின் வாயை அடைப்பதுமுண்டு. படிவின் கீழே ஒட்சிசன் குறைந்த இடங்களில் உலோகம் அரிப்புக்குள்ளாகின்றது.

வரிமட்டியின் வரலாறும் வாழ்க்கையும்

மொன்றோவின் குழாயை அடைத்த மட்டி, ஓட்டின்மீது வரிக்குதிரையைப் போன்ற கோடுகளை உடையதாதலின் வரிக்குதிரை மட்டி எனப் பெயர் பெற்றது. சுருக்கங் கருதி இதனை வரிமட்டி என்போம். திரைசேனா பொலிமோர்பா என்பது இதன் அறிவியற் பெயர். கருங்கடல், கசுப்பியன் கடல் ஆகியவற்றைச் சார்ந்த ஆறுகளும் கழிமுகங்களுமே இதன் தாயகம். இயற்கையியலறிஞர் பல்லாசு 1771 ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். ஐரோப்பாவில் ஆறுகளை இணைத்துக் கால்வாய்கள் வெட்டப்பட்ட காலத்தில், மரக்கலங்களின் அடிப்புறத்தில் ஒட்டியவாறு இது மேற்கு நோக்கிச் சென்றது. 1824 ஆம் ஆண்டளவில் இலண்டன் துறைமுகத்திற் காணப்பட்டது. 1988 இல் ஈரி ஏரிக்கு அணித்தாயுள்ள சென்ற் கிளேயர் ஏரியில் அறியப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக ஐரோப்பியத் துறைகளில் ஏற்றிவந்து இங்கு வெளியேற்றிய நீருடனேயே இது வந்ததென அறிஞர் கொள்வர். அடுத்த சில ஆண்டுகளில் பேரேரிகள் ஐந்திலும் மிசிசிப்பி ஆற்றிலும் பரவிற்று. இதன் உறவினமாகிய குவாகா மட்டி 2007 சனவரியில் மேற்கே கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலும் காணப்பட்டது. ஹூவர் அணை இந்த ஏரியின்மீதே அமைந்துள்ளது.

கட்டுப்படுத்தும் முறைகளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இவ்விலங்கின் வாழ்க்கை வட்டத்தை அறிதல் அவசியம். பெண் மட்டியொன்று ஓராண்டில் பத்து இலட்சம் வரையான முட்டைகளை நீரில் விடக்கூடும். கருக்கட்டல் உடலுக்கு வெளியே நீரிலேயே நிகழ்கின்றது. வெளிவரும் குடம்பி கண்ணுக்குப் புலப்படாதது. ஓடு தோன்றும் பருவத்தில் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் சிறிதாகவும், நிலைகொள்ளும் பருவத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகவும் அதன் பருமன் இருக்கும். இக்குடம்பி சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்தபின், உறுதியான ஓர் இடத்தைப் பற்றி, உறுதிமிக்க நார்களைச் சுரந்து தன்னைக் கட்டிக்கொள்கின்றது. நன்னீரில் வாழும் பிற மட்டிகள் மணலிலும் சேற்றிலும் புதைந்து வாழ, இது கல்லிலும் இரும்பிலும் ஒட்டி வாழ்வதற்கு இந்நார்களே காரணம். ஒன்றன்மீது ஒன்றாக இவை அடுக்கடுக்காய் வளர்வதால், மொன்றோவிலிருந்த ஒரு மின்னிலையத்தில் ஒரு சதுர மீற்றரில் 700,000 மட்டிகள் வரை எண்ணப்பட்டன.

வளர்ந்த மட்டி ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு ஒரு இலீற்றர் வரையான நீரை வடித்து உண்கின்றது. இதனால் ஏரி நீர் தெளிவடைந்தது உண்மையே. ஆயின் அத்தெளிவு, மீன்குஞ்சுகளும் பிற சிற்றுயிர்களும் உண்ண வேண்டிய மிதவை உணவு பறிபோனமையின் அடையாளமாகும். சென்ற் கிளேயர் ஏரியின் சுதேச மட்டியினங்கள், தம் ஓடுகளின்மேல் இவை ஏறி ஒட்டியமையால் உண்ணவும் அசையவும் இயலாது பெரும்பாலும் அழிந்தொழிந்தன.

குளோரீனின் பயனும் குறைபாடும்

குளோரீன் மலிவானது; கையாளும் முறை நன்கு அறியப்பட்டது; குழாயின் முழு நீளத்துக்கும் தானே சென்று சேர்வது. இச்சிறப்புக்களை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் அதற்கு இரு குறைகள் உள. முதலாவது, மட்டி குளோரீனை உணர்ந்தவுடன் ஓட்டை இறுக மூடிக்கொண்டு பல நாட்கள் உண்ணாதிருக்க வல்லது. ஆதலின் வளர்ந்த மட்டிகளைக் கொல்வதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வரை இடைவிடாது குளோரீனைச் செலுத்த வேண்டியுள்ளது. இரண்டாவது, குளோரீன் நீரிலுள்ள சேதனப் பொருள்களுடன் தாக்கமுற்றுக் குளோரோபோம் முதலிய திரைஹலோமெதேன்களை உண்டாக்குகின்றது. ஒல்லாந்து நாட்டு இரசாயனவியலாளர் ரூக் என்பவர் ரொட்டர்டாம் நகரின் குடிநீரை ஆராய்ந்து 1974 இல் இதனை வெளிப்படுத்தினார். ஐந்தாண்டுகளுள் ஐக்கிய அமெரிக்கா குடிநீரில் இப்பொருள்களுக்கு ஓர் உச்ச எல்லையை விதித்தது. மேலும், குளிர்விக்கப் பயன்பட்ட நீர் ஏரிக்கோ கடலுக்கோ திரும்பிச் செல்லும்போது, அதிலுள்ள எஞ்சிய குளோரீன் மீன்களையும் பாதிக்கும். ஆகவே பிற வழிகளை நாடுவது வெறும் விருப்பத்தின்பாற்பட்டதன்று.

ஹம்பேர்க் நகரின் பாடம்

வரிமட்டியால் நீர்க்குழாய் துன்புறுதல் புதிய செய்தியன்று. செருமனியின் ஹம்பேர்க் நகரம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எல்பே ஆற்று நீரை வடிக்காமலே குழாய்களுக்குள் விட்டுவந்தது. அக்குழாய்களினுள்ளே வாழ்ந்த விலங்குகளை ஆராய்ந்த கிறேப்பலின் என்னும் விலங்கியலாளர், 1885 இல் அவற்றின் நீண்ட பட்டியலொன்றை வெளியிட்டார். கடற்பஞ்சினத்தைச் சார்ந்த நன்னீர் உயிர்கள், புழுக்கள், நத்தைகள், விலாங்குகள் ஆகியவற்றோடு வரிமட்டியும் அங்கு இடம்பெற்றிருந்தது. நகரத்தார் இதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1892 இல் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. அடுத்திருந்த அல்ரோனா நகரமோ அதே ஆற்றின் நீரையே மணலூடாக வடித்து உண்டு பெரும்பாலும் தப்பிற்று. மறு ஆண்டிலேயே ஹம்பேர்க்கும் மணல் வடிகட்டிகளை இயக்கத் தொடங்கியது.

நோய்க்கிருமியைத் தடுக்க வந்த மணல், மட்டியின் குடம்பியையும் தடுத்தது; குழாயினுள் வாழ்வனவற்றுக்கு உணவாகிய மிதவைப் பொருளையும் தடுத்தது. புதிய குடிகள் வராமலும் பழைய குடிகளுக்கு உணவு கிட்டாமலும் போகவே, வடித்த நீரோடும் குழாய்களில் மட்டி நிலைத்திருக்க வழியில்லாதாயிற்று. ஓர் இரசாயனப் பொருளும் இன்றி இது நிகழ்ந்தது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஆயின் மணல் வடிகட்டி பரந்த நிலத்தை வேண்டுவது. அதற்கு முன்னேயுள்ள உள்ளெடுப்புக் குழாயை அது காப்பதில்லை. மொன்றோ நகரத்தின் இடர் அந்த முற்பகுதியிலேயே நேர்ந்தது.

குடம்பிப் பருவத்திற் செய்யத்தக்கவை

மட்டியை ஒட்டுவதற்கு முன் தடுத்தல், ஒட்டியபின் அகற்றுதலினும் எளிது. இதற்கு நான்கு வழிகள் உள.

(அ) வடித்தல். தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் நுண்ணிய உலோக வலைகள் இன்று கிடைக்கின்றன. நாற்பது மைக்குரோன் அளவான துளையுடைய வலை ஏறத்தாழ எல்லாக் குடம்பிகளையும், எண்பது மைக்குரோன் வலை நிலைகொள்ளும் பருவத்தை அடைந்தவற்றையும் தடுக்கும். சிறிய, நடுத்தர நீரோட்டங்களுக்கே இவை ஏற்றவை. பெரிய நீரோட்டத்துக்குச் செலவு மிகும்.

(ஆ) நீரோட்ட வேகம். நீர் செக்கனுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் வேகத்துக்கு மேல் ஓடுமாயின் குடம்பியால் நிலைகொள்ள முடிவதில்லை. ஆதலின் வளைவுகளையும் தேங்குமிடங்களையும் குறைத்துக் குழாயை வகுத்தல் நன்று. ஆயினும் எந்த அமைப்பிலும் இரவில் ஓட்டம் குறையும் வேளையும், நின்றிருக்கும் துணைக்குழாயும் உள. மட்டி முதலிற் பற்றுவது அங்கேயே.

(இ) கழியூதாக் கதிர். மூடிய குழாயில் வைக்கப்பட்ட விளக்குகளின் கழியூதாக் கதிர் குடம்பியைத் தாக்கி, அதனை உடனே கொல்லாவிடினும் நிலைகொள்ளும் ஆற்றலை இழக்கச் செய்கின்றது. கீழ்க் கொலராடோ ஆற்றின் அணைகளில், சுழலிகளைக் குளிர்விக்கும் நீருக்கு இம்முறை கையாளப்பட்டுள்ளது. நீர் கலங்கலாயின் கதிர் ஊடுருவாது. விளக்கைக் கடந்தபின் நீரிற் காவல் எதுவும் எஞ்சுவதுமில்லை. விளக்கு அணைந்திருந்த சில மணி நேரத்துள் உட்புகுந்தவை ஒட்டி வளரும்.

(ஈ) மேற்பரப்பு. சிலிக்கோன் வகைப் பூச்சுக்கள் நஞ்சற்றவை. வழுவழுப்பினால் மட்டியின் பிடியைத் தளர்த்துவன. ஒட்டியவையும் நீரோட்டத்தாலோ மெல்லத் துடைப்பதாலோ கழன்றுவிடும். மென்மையானவையாதலின் மிதந்துவரும் கட்டைகளாற் கீறுண்ணும் என்பது இவற்றின் குறை. செம்புப் பூச்சும் பயன்படுகின்றதெனினும், அது செம்பை நீரிற் கசிய விட்டே மட்டியை விலக்குகின்றது. ஆகவே அதனை இரசாயனமற்ற முறையெனக் கூறுதல் பொருந்தாது. கப்பல்களுக்குப் பூசப்பட்ட வெள்ளீயச் சேர்மங்கள் கடல்வாழ் நத்தைகளுக்கு விளைத்த கேட்டினால், 2001 இல் ஏற்கப்பட்ட சருவதேச உடன்படிக்கை ஒன்று 2008 இல் நடைமுறைக்கு வந்து அவற்றைத் தடைசெய்தது.

வளர்ந்த மட்டியை அகற்றல்

ஒட்டி வளர்ந்துவிட்ட மட்டிக்கு எதிராக வெப்பமே மிக வலிய கருவி. 40 பாகை சதம அளவுள்ள நீரில் வரிமட்டி ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் இறந்துபடும். 60 பாகை நீரைப் பத்துச் செக்கன் பீச்சினாற் படகின் அடியிலுள்ளவை மடியும். மின்னிலையத்தில் ஒடுக்கியிலிருந்து வெளியேறும் சூடான நீரை மீண்டும் உள்ளெடுப்பு வழிக்குத் திருப்பினால், வேறு எரிபொருளின்றியே இது கைகூடும். தென் கலிபோனியாவின் கரையோர மின்னிலையங்கள் கடல்மட்டிகளுக்கு எதிராகப் பல பத்தாண்டுகள் இம்முறையைக் கையாண்டன. இதற்கான வழிகள் நிலையம் கட்டப்படும்போதே அமைக்கப்படல் வேண்டும்; பின்னர் அமைத்தல் அரிது. வெந்நீரைத் திடீரென வெளிவிட்டால் மீன்களும் மடியுமாதலின் அளவும் வேளையும் பேணப்படல் வேண்டும்.

உலரவைத்தல் இரண்டாவது முறை. வெப்பமும் வறட்சியுமான காற்றில் வரிமட்டி சில நாட்களில் இறக்கும். குளிர்ந்த ஈரக் காற்றிலோ ஒரு வாரத்துக்கு மேலும் உயிர்வாழும். நீர்த்தேக்கங்களில் நீர்மட்டத்தை மாரியில் இறக்கி, உறைபனியில் மட்டிகளை மடியவிடுதலும் குளிர்நாடுகளில் வழக்கம். ஒரு குழாய்க்குப் பதில் இணையாக இரு குழாய்களை அமைத்தால், ஒன்று நீர் வழங்க மற்றையதை மாறிமாறி வற்றவிடலாம். வற்றவிட இயலாவிடத்து, இரு பக்கமும் அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் மட்டிகளே ஒட்சிசனைச் சுவாசித்து முடித்துத் தாமே மூச்சடைத்து இறக்கும். நீர் சூடாக இருக்குங்கால் இது விரைவில் நிகழும்.

மூன்றாவது, கையாலும் பொறியாலும் சுரண்டுதல். சுழியோடிகள் சுரண்டியெடுத்தல், உயரமுக்க நீரைப் பீச்சுதல், குழாயின் உள்விட்டத்துக்குப் பொருந்திய அடைப்பானை நீரமுக்கத்தால் தள்ளிச் செலுத்துதல் ஆகியன வழக்கிலுள்ளவை. ஒடுக்கிக் குழாய்களுக்கு, அவற்றின் விட்டத்திலும் சற்றே பெரிய கடற்பஞ்சு போன்ற இறப்பர் உருண்டைகளை நீரோடு ஓடவிட்டு, மீண்டும் பிடித்து ஓடவிடும் முறை 1950 களில் செருமனியில் உருவாகி உலகெங்கும் பரவியது. உருண்டை வழுக்கற் படலத்தைத் துடைத்துச் செல்வதனால் நிலையத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அது மட்டியைப் பெயர்க்க வலியற்றது. அகற்றிய மட்டிக் குவியல் அழுகி நாறுவதாதலின், அதனைப் புதைக்கவும் இடம் தேவை.

உயிரியற் கட்டுப்பாடு

மட்டியை உண்ணும் மீன்களையும் வாத்துக்களையும் ஏவிவிடலாமே எனச் சிலர் வினவுவர். குளிர்காலத்தில் நீர்வாத்துக்கள் பெருந்தொகையான வரிமட்டிகளை உண்பது கண்கூடு. ஆயினும் அவை குழாயினுள் நுழைவதில்லை. ஏரியிலும், உண்ணும் வேகத்தினும் பெருகும் வேகமே மிகுதி. மட்டியுண்ணும் அயல்நாட்டு மீனைக் கொண்டுவருதலோ, ஓர் அழையா விருந்தாளியை விரட்ட இன்னொருவரை அழைப்பதாக முடியும். வந்த மீன் அருகிவரும் சுதேச மட்டிகளையும் உண்ணும். நியூயோர்க் மாநில நூதனசாலையைச் சார்ந்த ஆய்வாளர் மொலோய், மண்ணில் இயல்பாக வாழும் சூடோமோனசு புளோறெசன்சு என்னும் பற்றீரியத்தின் ஒரு வகை, இறந்த நிலையிலும் வரிமட்டியின் சமிபாட்டுத் தொகுதியை அழிக்கவல்லது எனக் கண்டறிந்தார். மட்டி இதனை உணவெனக் கொண்டு ஓட்டை மூடாது உண்கின்றது. எனினும் உயிரிலிருந்து பெறப்பட்டதாயினும் இதுவும் நீரிற் கலக்கும் ஒரு கொல்பொருளே என்பதை மறத்தலாகாது.

பரவலைத் தடுத்தல்

மேற்கூறியவை யாவும் மூடிய அமைப்புக்குரியவை. பரந்ததோர் ஏரியில் ஒருமுறை நிலைபெற்ற வரிமட்டியை முற்றாக அகற்ற இம்முறைகள் எவற்றாலும் இயலாது. அதனாலேயே வருமுன் காத்தல் முதன்மை பெறுகின்றது. பேரேரிகளுக்கு வரும் கப்பல்கள் தாம் ஏற்றிய நன்னீரை நடுக்கடலிற் களைந்து உப்புநீரை ஏற்றிவரல் வேண்டுமென 1993 முதல் கட்டாயமாக்கப்பட்டது. நன்னீர் உயிரினத்துக்கு உப்புநீரே நஞ்சு. கப்பல் நீரைப் பற்றிய உலகளாவிய உடன்படிக்கை 2004 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது. படகோட்டிகளுக்குக் கூறப்படும் அறிவுரையும் எளியதே: கழுவுக, நீரை வடிக்க, உலர்த்துக. ஆயினும் வழிகள் பல. 2021 இல் ஐக்கிய அமெரிக்காவில் மீன்தொட்டிக்கு விற்கப்பட்ட பாசியுருண்டைகளிலும் வரிமட்டி காணப்பட்டது.

எமது கரையோரமும் இப்பிரச்சினையும்

வரிமட்டி குளிர்நாட்டு உயிராதலின் நாம் அஞ்ச வேண்டியதில்லை எனக் கருதலாகாது. கிழக்காசியாவைச் சார்ந்த பொன்மட்டி வெப்பமான நீரையும் நன்கு தாங்குவது. அது 1991 இல் தென் அமெரிக்காவின் இலா பிளாற்றா ஆற்றுமுகத்திற் காணப்பட்டு, பின்னர் ஆற்றின் எதிர்த்திசையில் ஏறி இதைப்பு அணையின் மின்னிலையத்தை அடைந்தது. 2024 இல் கலிபோனியாவிலும் காணப்பட்டது.

கடல்நீரைக் கையாளுமிடத்து அயல்நாட்டு மட்டி வரவேண்டியதுமில்லை. எமது கடலிலுள்ள மட்டியே போதும். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் 1984 இல் இயங்கத் தொடங்கிய அணுமின்னிலையம், கடலடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியினூடாக நீரை உள்ளெடுக்கின்றது. ஒளியின்றி, உணவும் ஒட்சிசனும் ஓயாது வந்துசேரும் அச்சுரங்கத்தில் பச்சைமட்டி செழித்து வளர்ந்தமையும், அதனைக் கட்டுப்படுத்த நிகழ்ந்த ஆய்வுகளும் துறையினர் நன்கறிந்தவை. வெப்பமண்டல மட்டி முப்பது பாகையை அண்டிய நீரிலே இயல்பாக வாழ்வதனால், அதனைக் கொல்லக் குளிர்நாட்டு மட்டிக்கு வேண்டியதினும் கூடிய வெப்பம் வேண்டும். ஐரோப்பிய அட்டவணையை அப்படியே எடுத்தாள இயலாது என்பதற்கு இது சான்று.

எமது நாட்டிலும் நுரைச்சோலை அனல்மின்னிலையம் கடல்நீராற் குளிர்விக்கப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீரையே நம்பியிருந்த மக்களுக்குக் கடலிலிருந்து வரும் குடிநீர் எத்துணைப் பெறுமதியுடையது என்பதை நாம் கூற வேண்டியதில்லை. இத்தகைய நிலையங்களின் மென்படலங்களை அடைப்பனவற்றுள் பற்றீரிய வழுக்கல் முக்கியமானது. படலங்கள் பலவற்றைக் குளோரீன் சிதைப்பதனால், அதனை இட்டபின் மீண்டும் நீக்க வேண்டியும் உள்ளது. ஆதலின் முன்வடித்தலும் உள்ளெடுப்புக் குழாயை ஒழுங்காகத் துப்புரவாக்கலும் எமக்கும் உரிய கேள்விகளேயாம்.

முடிவுரை

இரசாயனப் பொருளின்றி உயிர்ப்படிவைக் கட்டுப்படுத்தும் தனியொரு முறை இல்லை. குடம்பிக்கு வலையும் கதிரும் வேகமும், வளர்ந்ததற்கு வெப்பமும் வறட்சியும் சுரண்டலும் எனப் பருவத்துக்கேற்ற முறைகளை இணைத்தே பயன் பெறலாம். இம்முறைகளுட் பல, அமைப்பைத் திட்டமிடும் வேளையிலே சேர்க்கப்பட்டாற் சிறு செலவிலும், பின்னர் சேர்க்கப்பட்டாற் பெருஞ்செலவிலும் முடிவன. இணைக்குழாய் ஒன்று, வெந்நீர் திரும்பும் வழியொன்று, மனிதன் இறங்கிப் பார்க்கத்தக்க வாயிலொன்று ஆகியவற்றை வரைபடத்திற் சேர்க்கும் பொறியியலாளருக்கு, மட்டியின் வாழ்க்கை வட்டத்தை எடுத்துரைக்கும் உயிரியலாளர் அருகிருத்தல் வேண்டும். குடம்பி எந்த மாதங்களில் மிகுதியாக நீரில் மிதக்கின்றது, எத்துணை வெப்பத்தில் மடிகின்றது என்பவற்றை எமது கரையோர இனங்களுக்கு அளந்தறிதல் எமது பல்கலைக்கழக மாணவர் சிறு கருவிகளுடனேயே மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணியில் அவர்கள் ஈடுபடுவார்களாயின், அதனாற் பயன்பெறுவோர் குழாயடியில் நீருக்குக் காத்திருக்கும் மக்களாவர் என்பது எமது துணிபு.